சுழியாளும் வராத லைசினும்

ஒரு வாழைத்தோப்பில், உதிர்ந்து கிடந்த கனிந்த பழம் ஒன்றுக்குள் சுழியாள் என்ற நூற்புழு வாழ்ந்தாள். நூலிழையைவிட மெல்லியவள். முதல் முட்டையிடும் நாள் நெருங்கியதால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் வயிற்றுக்குள் கருக்கொத்தன் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தான். முட்டைக்குள் குழந்தை வளரத் தேவையான புரதத்தைக் கட்டுவது அவன் தொழில். அமினோ அமிலங்கள்தான் அவனுக்குச் செங்கல். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக ஓடிவந்து சுவரில் அமர்ந்தார்கள்.

"லியூசின்!"

"வந்தேன்!"

"கிளைசின்!"

"இதோ!"

"லைசின்!"

பதில் இல்லை. "லைசின்!" என்று உரக்கக் கூவினான். யாரும் வரவில்லை. வேலை நின்றது.

கிளைசின் முண்டியடித்து முன்னே வந்தான். "அவன் வராட்டி என்ன? நாங்க கூட்டமா நிக்கிறோமே. ஒருத்தனுக்குப் பத்துப் பேரா வர்றோம்!"

"உன் இடத்துல நீ ராசா. அவன் இடத்துல உட்கார்ந்தா சுவர் சரிஞ்சிடும்" என்றான் கொத்தன்.

பாதியில் நின்ற முட்டை பயந்துபோனது. "சத்தமே காணோமே! என்னை இப்படியே விட்டுட்டீங்களா?"

சுழியாள் பதறிப்போய்ப் பழச்சாற்றை மடமடவெனக் குடித்தாள். வயிறு உப்பியது.

"இனிப்பு வந்துச்சு. லைசின் வரலை. அவனை நம்ம உடம்பு செய்யாது, சாப்பாட்டுலதான் வரணும்" என்றான் கொத்தன். பிறகு தயங்கி, "உன் தசையில லைசின் இருக்கு. உடைச்சு எடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

"எடுத்தா?"

"இந்த முட்டை பிழைக்கும். அப்புறம் உன்னால நெளிய முடியாது. பின்னால காத்திருக்கிற முட்டைகளுக்கு நான் என்னத்தை வச்சுக் கட்ட?"

அப்போது காற்றில் ஒரு நெடி வந்தது. மணல்வெளிக்கு அப்பால் இருந்த இலைமக்குக் குவியலின் நெடி. அங்கே பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கிறார்கள்!

"உடைக்காதே, பொறு!" என்று சொல்லிவிட்டுச் சுழியாள் பழத்தை விட்டு வெளியேறினாள்.

"இங்கே தேனா ஓடுது, இதை விட்டுட்டு எங்கேடி போறே?" என்று மற்றப் புழுக்கள் சிரித்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் நெளிந்து போனாள்.

மணல் கொதித்தது. உடம்பிலிருந்த ஈரம் உலர உலர, அவள் மணலோடு ஒட்டிக்கொண்டாள். இனி அசைய முடியாது என்றிருந்தபோது, வழுவழுவென்று ஒரு நத்தை அந்த வழியே வந்தது. சுழியாள் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி, வாலை ஊன்றி நிமிர்ந்து ஆடினாள்.

"அண்ணே! வயித்துல பிள்ளை இருக்கு!"

"அடடா, ஏறிக்கோ தாயி!" என்றது நத்தை.

அதன் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அவள் மணலைக் கடந்தாள். இலைமக்கில் இறங்கியதும் பாக்டீரியாக்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்களிடம் லைசின் உண்டா?"

"உண்டாவா? எல்லா வகையும் எங்க உடம்பிலேயே செய்வோம்!" என்றாள் அவர்களில் மூத்தவள்.

சுழியாள் பொய் சொல்லவில்லை. "நான் உங்களைத் தின்ன வந்திருக்கிறேன்."

"தெரியும். இந்தக் குவியல் எங்களுக்குப் பத்தலை. எங்க பிள்ளைங்க சிலரை உன் மேல ஒட்டவச்சுப் புது மண்ணுல இறக்கிவிடுறியா?"

"விடுறேன். என் பிள்ளைங்களும் விடுவாங்க!"

அவள் ஆவலோடு தின்றாள். வயிற்றுக்குள் ஒரே ஆரவாரம். "லைசின் வந்துட்டான்! வந்துட்டான்!" என்று முதலில் கத்தியவனே கிளைசின்தான். லைசின் மூச்சிரைக்க ஓடிவந்து தன் இடத்தில் அமர்ந்தான். சுவர் விறுவிறுவென எழும்பியது. முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

முதல் முட்டையின் ஓடு விரிந்து, ஒரு குட்டித் தலை நீண்டது. பிள்ளையின் முதல் சொல்லைக் கேட்கச் சுழியாள் ஆசையோடு குனிந்தாள்.

"பசிக்குது!" என்றது அது.

சுழியாள் பூரித்துப்போய், ஒதுங்கி, பாக்டீரியாக்கள் பக்கம் அதற்கு வழிவிட்டாள்.