கவிராயர் குடுமிக்கு வந்த டேமேஜ்

முன்னொரு காலத்தில் செவ்வந்திக்கோட்டைச் சீமையை முத்துவிசய ராஜா ஆண்டுவந்தார். சீமையை ஆண்டது அவர். அவரை ஆண்டது அந்தந்த வருஷத்துக் கிறுக்கு. அந்த வருஷம் இங்கிலீஷ். இனி எந்த முறையீட்டையும் இங்கிலீஷ் சொல்லால்தான் சொல்ல வேண்டும், அந்தச் சொல் எங்கே பிறந்தது என்றும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். இங்கிலீஷ் கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய அவைப் புலவர் அம்பலவாணக் கவிராயருக்கு ஒரே கொண்டாட்டம். அவையில் தன்னை எப்போதும் மடக்கும் மந்திரி சடையப்பரின் வாய் இதோடு அடைபட்டது என்று குடுமியைத் தடவிக்கொண்டார்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைக்கும் சிவனம்மா ஒருநாள் அவைக்கு ஓடிவந்தாள்.

"அய்யோ, என் கொடிக்கால் போச்சே! கவிராயர் கோச்சு வண்டிய உள்ள விட்டு அம்புட்டையும் நாசம் பண்ணிட்டாரு மகாராசா! எம் புள்ளைகளுக்கு இனி என்னத்தப் போடுவேன்?"

"இங்கிலீஷில் சொல்" என்றார் ராஜா.

அவள் திருதிருவென்று விழித்தாள். கவிராயரே எழுந்தார்.

"இவள் சொல்ல வருவது டேமேஜ், மகாராஜா. ரோமாபுரியார் நஷ்டத்துக்கு வைத்த பேரிலிருந்து பிறந்து, பிரான்சில் வளர்ந்து, லண்டன் போய்ச் சேர்ந்த சொல். கெடுதல் என்றும் பொருள், அதற்குக் கட்டும் ஈடு என்றும் பொருள். ஆனால் அது வந்த வழியில் வெற்றிலைக் கொடிக்கால் எங்குமே கிடையாது. ஆகவே கொடிக்காலுக்கு டேமேஜ் ஆகாது!"

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

சடையப்பருக்கு ஆத்திரமாக வந்தது. முகம் மட்டும் சிரித்தது. "அப்படியானால் ரோமாபுரி பார்க்காத எதற்கும் டேமேஜ் கிடையாதா, கவிராயரே?"

"கிடையவே கிடையாது. சரஸ்வதி மேல் ஆணை!"

"யாரங்கே, நாவிதரைக் கூப்பிடுங்கள். கவிராயர் குடுமி நம்மூர் நல்லெண்ணெயில் வளர்ந்தது, கப்பலே ஏறாதது. எடுத்துவிட்டால் ஒன்றும் கெடாது."

கத்தி குடுமியைத் தொட்டதுதான் தாமதம். "அய்யோ, என் குடுமி போச்சே!" என்று கவிராயர் அலறினார்.

"இங்கிலீஷில் சொல்லும்" என்றார் சடையப்பர். "எங்கே பிறந்த சொல் என்றும் சேர்த்துச் சொல்லும்."

அவை குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிவனம்மா அழுதபோது தான் கேட்டதும் இதே கேள்விதான் என்பது பாதிச் சிரிப்பில் அவருக்கு உறைத்தது. வெட்கமாகிவிட்டது.

"உத்தரவு ரத்து! யாருக்கு எது வருகிறதோ அந்தப் பேச்சில் அழட்டும். கோச்சு வண்டி இனி சிவனம்மாவுடையது. கொடி மறுபடி அகத்தி மரத்தில் ஏறும்வரை கவிராயர்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். அதுவரை அவள் பிள்ளைகளுக்கு அரண்மனைச் சாப்பாடு" என்றார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையப்பருக்குப் போட்டார்.

"அப்போ குடுமி, மகாராசா?" என்றார் நாவிதர்.

"சிவனம்மாவைக் கேள்."

அவள் கவிராயரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்போதைக்கு இருக்கட்டும். கொடி தழைக்கலேன்னா எடுத்துக்கலாம்."

அந்த வருஷம் சிவனம்மாவின் கொடிக்கால் தழைத்ததுபோல் அந்தச் சீமையில் வேறெதுவும் தழைக்கவில்லை.