கருப்புக் கோடு இறங்கிய மலை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, கடல் விலகிப்போன ஒரு சீமையிலே வெள்ளைச் சுண்ணாம்பு மலை ஒண்ணு இருந்துச்சு. மழைத்தண்ணி கல்லைக் கரைச்சுக் கரைச்சு, அதோட வயித்திலே பெரிய குகை. குகைக்குள்ளே ஒரு பூதம். மலையிலே எங்கே பார்த்தாலும் சிப்பியும் சங்குமா ஒட்டியிருக்கும். அதிலே பாதி, பூதம் பிடிச்ச மனுசங்கன்னு பேச்சு. நான் சொல்லலைப்பா, ஊரு சொல்லுச்சு!

சூளைக்குக் கல்லு வெட்டப் போன சடையன் ஒருநாள் திரும்பலை. அவன் பொண்டாட்டி அங்காயி தேடிப் போனா. மலை உச்சியிலேருந்து அடிவரைக்கும் ரெண்டாப் பிளந்து கிடக்கு. பிளவுக்கு இந்தப் பக்கம், அவ தலை உயரத்திலே, கல்லுக்குள்ளேருந்து ஒரு கை மட்டும் நீட்டிக்கிட்டிருக்கு. கட்டைவிரல்லே சுண்ணாம்பு வெந்த தழும்பு, சடையன் கையேதான். அவ தொட்டதும் அந்தக் கை அவ விரலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. ஐயோ, உசிரு இருக்கு!

பூதம் சிரிச்சுது. “கை இந்தப் பக்கம், நெஞ்சு அந்தப் பக்கம். மூணு தடவை தொடு. நெஞ்சைத் தொட்டா விட்டுடுறேன். தப்பத் தப்ப நீயும் கல்லாவே.”

கைக்கு நேர் எதிரே அந்தப் பக்கத்துப் பாறையைத் தொட்டா. சில்லுனு வெறுங்கல்லு. அவ காலு முழங்கால்வரைக்கும் வெளுத்து இறுகிப்போச்சு.

“அங்காயி, இங்கே வா அங்காயி”னு மேலே ஒரு பொந்திலேருந்து சடையன் குரல் கேட்டுது. கையை நீட்டித் தொட்டா. தொடைவரைக்கும் கல்லாச்சு.

“அட பாவி! என் புருசன் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே!”

பிடிச்சிருந்த விரலும் தளர்ந்துக்கிட்டே வருது. அவளுக்கு அழுகையா வந்துச்சு. அப்பத்தான் கவனிச்சா, கைக்கு ஒரு சாண் மேலே பாறையிலே ஒரு கருப்புக் கோடு. அந்தப் பக்கமும் அதே கோடு இருக்கு. ஆனா அவ முழங்கால் உயரத்திலே!

“ஏ பூதமே, பிளந்ததோட விடலை, அந்தப் பாதியைக் கீழே வேறே இறக்கிட்டியா?”

அங்காயி இடுப்பு ஒடியக் குனிஞ்சு, அந்தப் பக்கத்துக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை வச்சா. கல்லு வெதுவெதுன்னு இருந்துச்சு. லப்டப், லப்டப்.

மலை ஒரு குலுங்கு குலுங்குச்சு. குகைக்கூரை பூதத்து மேலேயே சரிஞ்சுது. அங்காயி காலுக்கு உசிரு வந்துச்சு. சிப்பி ஒண்ணொண்ணா உதிர்ந்து, மனுசங்களா எந்திரிச்சாங்க. கடைசியா சடையன் வெள்ளைப் புழுதியோட வெளியே வந்தான்.

“இந்தா புள்ளே, கஞ்சி இருக்கா?”

அந்த ஒரு பேச்சுக்கு அவ அழுதா பாருங்க, அப்படி அழுதா!

அவங்க நல்லா இருந்தாங்க, நாமளும் நல்லா இருக்கோம். ஆனா அந்தக் கோடு இன்னும் சேரலை. அந்தப் பக்கம் போனா, யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதீங்க.