சேராமரம் எழுதிய கறை

மரங்களுக்கு வாய் இருந்த காலம் அது. அப்போது சேராங்கொட்டைக்குள் இருந்த எண்ணெய் பால் போல வெள்ளை. தொட்டால் சுடாது. மூட்டு வீங்கினாலும், தோலில் படை படர்ந்தாலும், ஒரு கொட்டையை நசுக்கித் தடவினால் மூன்றாம் நாள் குணம் தெரியும். ஆனால் பறிக்கிற வழக்கம் கிடையாது. மரத்தடியில் நின்று, இன்னாருக்கு இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். மரம் ஒரு கொட்டையை உதிர்க்கும். ஆளுக்கு ஒன்று. இரண்டு கேட்டால் கொடுக்காது.

ஓடைத் துறையில் நின்ற சேராமரத்தின் அடியில்தான் சிலம்பாயி ஊர்த் துணிகளை வெளுத்தாள். மரத்தை அவள் அண்ணே என்று கூப்பிடுவாள். மரம் அவளைத் தங்கச்சி என்னும்.

ஒரு நாள் உச்சிவேளையில், வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மரம் மொட்டையாக இருந்தது. நான்கு கிளைகள் முறிந்து தொங்கின.

“யாருண்ணே?”

“ஏகாம்பர வைத்தியர். எழுநூற்று முப்பத்தொரு கொட்டை, நாற்பத்திரண்டு பிஞ்சு. எண்ணி வச்சிருந்தேன் தங்கச்சி. ‘தினமும் உங்கிட்ட வந்து கையேந்த முடியாது, சாரத்தை வடிச்சு அடைச்சுட்டா மருந்து என்னோடது’ன்னாரு. வலிக்குதுன்னேன். சிரிச்சாரு.”

சிலம்பாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஈரக் கையோடு வைத்தியர் வாசலில் போய் நின்றாள்.

“ஐயா, ஊர் மருந்தை ஒத்த ஆளா உருவிட்டு வந்திருக்கீங்களே, பிஞ்சுகூடவா கண்ணுக்குத் தப்பலை?”

வைத்தியர் முன்கதவைச் சாத்தினார். பின்வாசல் வழியாக மணியக்காரரிடம் போனார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க மரத்தடியில் கூடிவிட்டது.

“நாள் முழுக்க இந்த மரத்தடியில கிடக்கிறவ யாரு? இவதான் பறிச்சா. கண்டுபிடிச்சுடுவேன்னு முந்திக்கிட்டு என் வாசல்ல வந்து கத்தறா” என்றார் வைத்தியர்.

“நானா? நானா பறிச்சேன்? மரத்தைக் கேளுங்க!”

மரம் நடந்ததைச் சொன்னது. எண்ணிக்கையோடு சொன்னது. எந்தக் கிளையில் கால் வைத்தார், எந்தக் கொப்பை முதலில் ஒடித்தார் என்பதுவரை சொன்னது.

வைத்தியர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “இவ ஊத்துற அழுக்குத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த மரம். வேற யார் பக்கம் பேசும்?”

ஊரும் சிரித்தது. முழங்கால் வீங்கிக் கம்பை ஊன்றி நின்ற கிழவர்கூடச் சிரித்தார். அவருக்கு முந்தின நாள்தான் மரம் கொட்டை கொடுத்திருந்தது.

“இருட்டுறதுக்குள்ள கழுதையையும் வெள்ளாவிப் பானையையும் எடுத்துக்கிட்டு ஊர் எல்லையைத் தாண்டிடு. இனி இந்தத் துறை உனக்கில்லை” என்றார் மணியக்காரர்.

சிலம்பாயி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை பேர் உடம்பிலும் அவள் வெளுத்த துணி.

அப்போது மரம் வேரோடு நடுங்கியது.

“உண்மையைச் சொன்னேன், சிரிச்சீங்க. உங்க வீக்கத்துக்கும் படைக்கும் இத்தனை வருசம் கொடுத்தேனே, என் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பா? இனி பேச மாட்டேன். எழுதுறேன். எந்தத் தண்ணியும் அழிக்க முடியாதபடி எழுதுறேன்!”

அடுத்த கணம் வைத்தியர் “ஐயோ!” என்று துள்ளினார். வடித்த சாரத்தை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து இடுப்பு மடியில் செருகியிருந்தார். அது கருத்துக் கொதித்துக் கசிந்தது. வெள்ளை வேட்டியில் கறுப்பாக இறங்கியது. துடைத்த கை கொப்பளித்தது. அந்தக் கையால் முகத்தைத் தொட்டார். முகமும் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. குழாய் எல்லார் முன்னாலும் கீழே விழுந்து உருண்டது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“சிலம்பாயி... இந்தக் கறையைப் போக்கிடு தாயி” என்று முனகினார் வைத்தியர்.

“என் கையால போகாது. போனாலும் போக்க மாட்டேன்.”

மணியக்காரர் மெல்ல வாயெடுத்தார். “சரி புள்ளே, ஏதோ தெரியாம... நீ இங்கேயே இரு.”

“இருக்கத்தான் போறேன். நீங்க சொல்றதுக்காக இல்லை.”

மறு வருடம் மரம் காய்த்தபோது கொட்டைகள் கன்னங்கரேலென்று இருந்தன. சிலம்பாயி ஒன்றை முள்ளால் குத்தி, அந்த முள்முனையால் மணியக்காரர் வேட்டியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். கறை ஊன்றிப் பிடிக்க மேலே சுண்ணாம்பு தடவினாள். பிறகு ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் வெவ்வேறு குறி வைத்தாள். இனி எவனும் அவளைப் பார்த்து, என்னுடையதை எடுத்தாய் என்று வாய் திறக்க முடியாது.

வெளுப்பவர்கள் துணிக்குச் சேராங்கொட்டையால் குறி போடத் தொடங்கியது அன்றைக்குத்தான். மரம் வாயை மூடியது அதற்கு முந்தைய வருடம், ஊர் சிரித்த அன்றைக்கு. அதன் கோபம் மட்டும் கொட்டைக்குள் அப்படியே இருக்கிறது. மருந்து வேண்டுமென்றால் வைத்தியர்கள் முதலில் அதன் நஞ்சை நீக்கிச் சுத்தி செய்து ஆற்றியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சாரம் வடிக்கிறவர்களும், கையுறை மாட்டிக்கொண்டுதான் அதன் பக்கத்தில் போகிறார்கள்.