ராஜா இனிப்பை விட்டார், மருதப்பன் தின்றான்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்தாலும் வெல்லப்பாகு பொய்க்காது என்று பேரெடுத்த ஒரு தேசம் இருந்தது. அதை ஆண்ட விசயகேசரி மகாராஜாவுக்கு வெளியில் எதிரி என்று யாருமே இல்லை. இருந்த ஒரே எதிரி வாய்க்குள்ளேயே குடியிருந்தது. மூன்று அங்குல நாக்கு.

கண் விழித்ததும் இரண்டு லட்டு. பல் துலக்கிய பிறகு, முதலில் தின்றது சுத்தமான வாயோடு தின்றதல்ல என்பதால், இன்னும் இரண்டு. வழக்கு விசாரிக்கும்போது மடியில் கல்கண்டு. வாய் ஒழியாததால் தீர்ப்பை விரலால்தான் காட்டுவார். அவர் பல்லக்கைத் தூக்க நாலு பேர் போதும் என்றிருந்த காலம் போய், எட்டாகி, பன்னிரண்டாகி, அந்தப் பன்னிரண்டு பேரும் மேட்டைக் கண்டால் குலதெய்வத்தைக் கூப்பிடும் நிலை வந்துவிட்டது.

ஒரு நாள் மகாராஜா கொல்லைப்புறம் போய்வந்த இடத்தில் எறும்புகள் சாரை சாரையாகக் கூடின. ராஜவைத்தியர் பொன்னம்பலனார் வந்தார். மகாராஜாவின் நாடியைப் பார்த்தார். பிறகு குனிந்து எறும்பைப் பார்த்தார்.

"மகாராஜா, நாடி பொய் சொன்னாலும் சொல்லும், எறும்பு சொல்லாது. இது நீரிழிவு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இனிப்பு தங்கள் நாவில் படக் கூடாது. பட்டால் முதலில் கால் போகும், அப்புறம் கண் போகும்."

மகாராஜா உடனே சபையைக் கூட்டினார். "இன்று முதல் ஒரு மண்டலம் எம் நாவில் இனிப்பு படாது. இது சத்தியம்!" என்று முழங்கினார். அப்போதுதான் ஒன்பது அதிரசம் தின்று முடித்திருந்தார். வயிறு நிறைந்தவன் எடுக்கும் விரதத்துக்கு வீராப்பு அதிகம்.

சபையில் இடதுபுறம், ஒரு குட்டை ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான் விகடன் மருதப்பன். புளி வியாபாரி வீட்டுப் பிள்ளை; கடைத்தெருவிலேயே வளர்ந்தவன். மகாராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. எதிர்ப்புறம் நின்றார் மடைப்பள்ளி அதிகாரி திருமலைக்கொழுந்து. மகாராஜாவைப் பருக்கவைப்பது அவர் வேலை. தான் செய்த லட்டைத் தின்றுகொண்டே மகாராஜா மருதப்பன் பேச்சுக்குச் சிரிக்கிறாரே என்று அவருக்குப் பல வருஷத்து வயிற்றெரிச்சல்.

கொழுந்து கைகூப்பி முன்னால் வந்தார். "மகாராஜா, சத்தியத்துக்கு ஒரு காவல் வேண்டும். நம் மருதப்பனைவிடப் புத்திசாலி யார்? அவரையே போடலாம். மண்டலம் முடிவதற்குள் ஒரு துளி இனிப்பு தங்கள் வாய்க்குள் போனாலும், அவருக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம்."

"நல்ல யோசனை!" என்றார் மகாராஜா.

"இன்னொன்று, மகாராஜா. அரசரைத் தடுப்பதும், அரசரிடமிருந்து பண்டத்தை ஒளிப்பதும், அரசர் கேட்டதை இல்லையென்பதும் ராஜத் துரோகம். அதைச் செய்தாலும் அதே கழுதைதான்."

சபை கிசுகிசுத்தது. கொடுத்தால் கழுதை, கொடுக்காவிட்டாலும் கழுதை. மருதப்பன் முதுகில் வேர்வை ஊர்ந்தது. ஆனாலும் கடைத்தெருப் பிள்ளை இல்லையா, முகத்தில் காட்டவில்லை.

"ஒப்புக்கொள்கிறேன் மகாராஜா. ஆனால் எங்கள் தெருவில் பேரம் முடிந்தால் கொசுறு கேட்காமல் யாரும் பையைத் தூக்குவதில்லை. அடியேனுக்கும் ஒரு கொசுறு வேண்டும்."

"என்ன கொசுறு?"

"ருசி பார்க்கும் பதவி காலியாக இருக்கிறதே, அது."

அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நஞ்சுக்குப் பயந்த பாட்டனார் ராஜா ஒருவர் கல்லிலேயே வெட்டிவைத்துப் போனது: 'ருசி பார்ப்பவன் ஐயமறச் சோதித்துப் பழுதில்லை என்று சொல்லாத எதையும் அரசன் உண்ணலாகாது. உண்டால் ஓராண்டுக்கு அரியணையில் அரசி அமர்வாள்.' பழைய ருசிகாரர் பல்லெல்லாம் விழுந்து ஊரோடு போய்விட்டார். இடம் சும்மா கிடந்தது.

"போகிற காலத்தில் ஓசிச் சோற்றுக்கு ஆசைப்படுகிறார், பாவம்" என்றார் கொழுந்து. சபை சிரித்தது. மகாராஜா கொசுறைக் கொடுத்துவிட்டார்.

சத்தியம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் மகாராஜா மருதப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மருதப்பா, பாயசம் இதில் சேருமா? அதைக் கடிப்பதில்லையே, குடிப்பதுதானே?"

"சேரும் மகாராஜா."

"தேன்? அது மருந்தாயிற்றேடா."

"மருந்தை யாரும் சொம்பில் ஊற்றிக் குடிப்பதில்லை மகாராஜா."

"சரி, உடைந்த லட்டு? உடைந்தால் அது வெறும் பூந்திதானே?"

மருதப்பனுக்கு இது பழகிய பேச்சு. புளி வாங்க வருகிறவர்கள் இப்படித்தான். முதலில் கொட்டை அதிகம் என்பார்கள். அப்புறம் எதிர்க்கடையில் மலிவு என்பார்கள். எதுவும் படியாவிட்டால் கடைசியில், வெயிலில் வந்தது தலை சுற்றுகிறது என்று கடைவாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

"எனக்குத் தலை சுற்றுகிறதுடா மருதப்பா" என்றார் மகாராஜா.

"கொஞ்சம் மோர் குடியுங்கள் மகாராஜா."

மகாராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மோராவது கீராவது! இது ராஜ கட்டளை. இருபது லட்டு இப்போதே வர வேண்டும்!"

"உத்தரவு மகாராஜா" என்று மருதப்பன் குனிந்து வணங்கினான். மறுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கொழுந்து தயாராக வைத்திருந்தார் போல. கை தட்டுவதற்குள் தட்டு வந்துவிட்டது. மகாராஜா கையை நீட்டினார்.

"ஒரு கணம் மகாராஜா. ருசி பார்க்க வேண்டும்." மருதப்பன் ஒரு லட்டை எடுத்து முழுதாகத் தின்றான். தலையாட்டினான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதை எடுத்தான்.

"டேய், டேய்! ஒன்று போதாதா?"

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் மகாராஜா. ஆனால் லட்டு ஒரே பானையில் வெந்ததா? ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிடித்தது. இதில் இல்லாத நஞ்சு அதில் இருக்கலாம். கல்லில் 'ஐயமற' என்றல்லவா வெட்டியிருக்கிறது?"

"பாதி பாதி தின்றால் என்ன?"

"நஞ்சு மீதிப் பாதியில் இருந்துவிட்டால்?"

இருபதாவதை விழுங்கிவிட்டு மருதப்பன் கைகூப்பினான். "பழுதில்லை மகாராஜா. அத்தனையும் அருமை. தாராளமாகச் சாப்பிடலாம்."

மகாராஜா வெறுந்தட்டைப் பார்த்தார். தட்டை எடுத்து நக்கலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. மகாராணி தூணருகில் நின்று அரியணையையே அளவெடுப்பதுபோலப் பார்ப்பதைக் கண்டதும் அந்த யோசனையைக் கைவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மகாராஜாவின் கிரீடத்துக்குள்ளிருந்து கல்கண்டு உருண்டு விழுந்தது. மருதப்பன் அதையும் எடுத்து ஐயமறச் சோதித்தான்.

கொழுந்து விடுகிற ஆளா? "லட்டுதானே தனித்தனி? இது ஒரே பண்டம். இதற்கென்ன சொல்கிறீர்?" என்று ஒரு பெரிய தாம்பாளம் நிறைய ஒரே கட்டியாக அல்வா கொண்டுவந்து வைத்தார். மகாராஜா எச்சில் விழுங்கிய சத்தம் வாசற்காவலனுக்குக் கேட்டது.

மருதப்பன் இடுப்பிலிருந்து ஒரு குத்தூசியை உருவினான். கடைத்தெருவில் மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை இழுத்துப் பார்க்கிற ஊசி அது. "மேலே நல்ல புளியைப் பரப்பி அடியில் சொத்தையைப் போடுவது எங்கள் தொழிலில் உண்டு மகாராஜா. அதனால் மேலே ஒரு குத்து, நடுவே ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. நாலு மூலையிலும் நாலு." குத்தினான், தின்றான். குத்தின ஓட்டைக்குப் பக்கத்தில் சந்தேகம் வந்தது, அங்கேயும் குத்தினான். அஸ்தமனத்துக்குள் தாம்பாளம் பளபளத்தது.

இப்படியே நாள் ஓடியது. மகாராஜா இளைத்தார். மருதப்பன் ஊதினான். ஜாங்கிரி, பால்கோவா, சோமாசி என்று கொழுந்து தினமும் ஒன்று அனுப்ப, தினமும் மருதப்பன் தின்றான். இருபதாம் நாள் வேட்டி சுற்றுக்குப் போதவில்லை. முப்பதாம் நாள் நெய் வாசனை வந்தாலே குடல் புரண்டது. வீட்டுக்குப் போனால் வெறும் ஊறுகாயை நக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

"ஏங்க, நாட்டைவிட்டுப் போனாலும் உசுரோட போகலாம். கழுதையே தேவலை போலிருக்கே?" என்றாள் அவன் மனைவி செங்கமலம்.

"நான் போனா ராஜா காலும் போகும்டி. அந்த மனுஷன் கேக்கறது சக்கரை இல்ல, எமன்" என்றான் மருதப்பன், ஏப்பத்துக்கு நடுவே.

அவன் நிலையைக் கொழுந்து கண்டுகொண்டார். நாற்பதாம் நாள் மகாராஜாவின் ஜன்ம நட்சத்திரம். அன்று அரண்மனை முற்றத்தில் கோபுரம்போல அதிரசத்தை அடுக்கிவைத்தார். பத்தாயிரம். சபை முழுவதும் கூடியிருக்க, மகாராஜா மேல்மாடத்திலிருந்து பார்த்தார். பார்த்த கண் பார்த்தபடி நின்றது.

கொழுந்து குரலை உயர்த்தினார். "ருசிகாரரே, சபையோர் சாட்சியாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டியது. ஒன்றையும் விடாமல் ஐயமறச் சோதிக்க வேண்டியது உமது கடமை. எங்கே, ஆரம்பியும்! முடியாதென்றால் பதவியை விட்டுவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன்."

மருதப்பன் கோபுரத்தைப் பார்த்தான். வயிறு தானாக ஒரு கும்பிடு போட்டது. நேற்றைய ஜாங்கிரியே இன்னும் தொண்டைக்குழியில் நின்றது. பதவி கொழுந்து கைக்குப் போனால் அவர் ஒரு கிள்ளுக் கிள்ளிப் பழுதில்லை என்பார்; மகாராஜா கையை நீட்டுவார்; வாசலில் கழுதை கனைக்கும். எல்லாருக்கும் அது தெரிந்தது.

"விட்டுவிடுகிறேன் மகாராஜா. கொழுந்து ஐயாவே ருசிகாரராக இருக்கட்டும்" என்றான் மருதப்பன்.

"சம்மதம், சம்மதம்!" மகாராஜா மேலிருந்தே கத்தினார்.

கொழுந்து சிரித்துக்கொண்டே ஒரு அதிரசத்தின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். "பழுதி..."

"பொறுங்கள்!" மருதப்பன் குறுக்கே புகுந்தான். "மகாராஜா, அடியேனுக்கு ஒரு நியாயம் சொல்லுங்கள். ஒரு கிள்ளு போதுமென்றால் இத்தனை நாள் நான் தின்றது திருட்டு. அத்தனை நாளும் என்னைத் திருடவிட்டு மகாராஜா பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஊர் சொல்லும். அது கடமை என்றால் இந்தக் கடமை ஐயாவுக்கும் உண்டு. 'ஒன்றையும் விடாமல்' என்று இப்போது சபையோர் சாட்சியாகச் சொன்னது நான் இல்லை."

மகாராஜா யோசித்தார். நாற்பது நாள் ஏமாந்தேன் என்று எந்த ராஜா சபையில் ஒப்புக்கொள்வார்?

"அது கடமைதான்" என்றார். "கொழுந்து, சாப்பிடும்."

கொழுந்து சாப்பிட்டார். முதல் ஐந்து மடமடவென்று இறங்கியது. பத்தாவதில் மேல்துண்டை அவிழ்த்தார். இருபதில் தூணைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோராவது அதிரசம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நடுவாசலில் நின்றது.

"ஐயமா, தெளிவா?" என்று அன்பாகக் கேட்டான் மருதப்பன். "இன்னும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கிறதே."

"தண்ணி... தண்ணி..."

"மகாராஜா, பாவம், ஐயாவுக்குத் துணை ருசிகாரர்கள் வேண்டும். கோட்டைக் கதவைத் திறக்க உத்தரவாகட்டும்."

கதவு திறந்தது. பன்னிரண்டு பல்லக்குத் தூக்கிகள் முதலில் பாய்ந்தார்கள். பின்னால் வண்ணார், தட்டார், சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர், ஊர்க்காவலர், எல்லாரும் வந்தார்கள். "எனக்கு இன்னும் ஐயம் தீரலீங்க" என்று இரண்டாம் முறை வரிசையில் நின்றவர்களும் உண்டு.

கோபுரம் கரைவதைக் கண்ட மகாராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒன்று, ஒரே ஒன்று மிச்சம் வையுங்களடா!" என்று கத்திக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார். வந்து பார்த்தால், வாழையிலையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

ராஜவைத்தியர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "மகாராஜா, இறங்கிவந்தது முப்பத்தாறு படி. யாரும் தாங்கலாகப் பிடிக்கவில்லை. மூச்சுகூட வாங்கவில்லையே!"

மகாராஜா திரும்பிப் படிகளைப் பார்த்தார். குனிந்து தம் கால்விரல்களைப் பார்த்தார்; பத்தும் தெரிந்தன. தூணடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும் கொழுந்தைப் பார்த்தார். முதலில் வயிறு குலுங்கியது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் மகாராஜா இடி இடித்ததுபோலச் சிரித்தார். ஊரும் சேர்ந்து சிரித்தது.

"மருதப்பா, எனக்காக என் எமனைத் தின்றாயடா! என்ன வேண்டும், கேள்."

"இனிப்பில்லாத எதுவானாலும் சரி, மகாராஜா."

மகாராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். ஆற்றங்கரையில் பாகற்கொடி படர்ந்த தோட்டம் ஒன்றையும் எழுதிவைத்தார். பாகற்காய் என்ற பேரைக் கேட்டதும் மருதப்பனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"மண்டலத்தில் இன்னும் எட்டு நாள் இருக்கிறது" என்றார் மகாராஜா. "கொழுந்து, ருசிகாரர் நீர்தான். நாளைக்கு மடைப்பள்ளியில் என்ன பலகாரம்?"

கொழுந்து தரையில் கிடந்தபடியே கைகூப்பினார்.

"பருப்புத் துவையல் மகாராஜா. எட்டு நாளும் பருப்புத் துவையல்தான்!"