நடுப்பாலத்தில் ஒரு காதுகுத்து

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: ரயில் ஓட்டும் கொம்பையா, பச்சைக்கொடி பிடிக்கும் கார்டு பிச்சைக்கனி, குறிப்பு வாசித்துச் சொல்லும் ஞானசிகாமணி, பயணி உலகநாதன், இன்னொரு பயணியும் கணக்கு வைப்பவருமான மாடக்கண்ணு. ஆக ஐந்து பேர். சுவரில் ஒரு பல்லியும் இருந்தது. அது டிக்கெட் எடுக்கவில்லை என்பதால் மாடக்கண்ணு அதைச் சேர்க்கவில்லை.

கொட்டாங்குளத்துக்கு ரயில் கிடையாது. முப்பத்தோரு கிலோமீட்டர் போனால்தான் தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் கொம்பையாவின் பழைய உரக்கடை அறையில் ஒரு கம்ப்யூட்டரும், அதில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றும் இருந்தன. ஆஸ்திரியா நாட்டில் யாரோ ஒரு புண்ணியவான், தன் ஊர் மலைப்பாதை மேல் இருந்த ஆசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்து, அந்தப் பாதையை அப்படியே விளையாட்டுக்குள் செய்து, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்தார். எழுபத்திரண்டு கிலோமீட்டர், பதினெட்டு ஸ்டேஷன், நாற்பத்தொரு பாலம், இருநூற்றுப் பதினான்கு மாடு.

மாடுகளை எண்ணியது மாடக்கண்ணு. அதில் ஒரு மாடு தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றது. செய்தவருக்குக் கை தவறியிருக்கும். மேய்கிற மாதிரிதான் நின்றது, புல்தான் எட்டவில்லை. ஐந்து பேரும் அதற்காக நான்கு வெள்ளிக்கிழமை வருத்தப்பட்டார்கள்.

பாதையோடு இருபத்தாறு பக்கக் குறிப்பு ஒன்றும் வந்திருந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. ஞானசிகாமணி பத்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவர். ஒரே முறை படித்தவர்களைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்பதால், அந்தப் பொறுப்பு அவரிடம் போயிற்று.

முதல் பக்கத்தில், ‘இது குளிர்காலம், வெளியே மைனஸ் எட்டு டிகிரி’ என்று இருந்தது. ஆகவே ஐந்து பேரும் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். கொட்டாங்குளத்தில் அது சித்திரை மாதம். பிச்சைக்கனி இரண்டு தடவை மயங்கி விழுந்தார். பாவம், குளிர் தாங்கவில்லை என்று மேலே இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டார்கள்.

மூன்றாம் பக்கத்தில், ‘வண்டி புறப்படும் முன் கதவைச் சாத்தவும். ஸ்டேஷன் அல்லாத இடத்தில் கதவைத் திறக்கவோ, யாரும் இறங்கவோ கூடாது’ என்று இருந்தது. கொம்பையா அறைக் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அன்றைக்கு மாடக்கண்ணுக்கு மட்டும் இன்னொரு வேலை இருந்தது. அவர் தங்கச்சி முத்துக்கனியின் பதினொரு மாதக் குழந்தை தேன்மொழிக்குக் காதுகுத்து. நல்ல நேரம் நாலரையிலிருந்து ஆறு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். முத்துக்கனிக்கு அண்ணன் தம்பி என்று இவர் ஒருவர்தான். அதாவது, மடி ஒன்றுதான்.

மாடக்கண்ணு இதையெல்லாம் யோசிக்காமல் ஏறவில்லை. வண்டி ஒன்பதாவது ஸ்டேஷனுக்கு நாலு ஐந்துக்கு வரும். அங்கே இறங்கினால் முத்துக்கனி வீடு மூன்றாவது வீடு, நூற்று நாற்பது தப்படி, இரண்டு நிமிடம். இருபத்து மூன்று நிமிடம் கையில் மிச்சம். வேட்டி கூடப் பட்டு வேட்டியாகத்தான் கட்டியிருந்தார், கம்பளிச் சட்டைக்குக் கீழே.

வண்டி இரண்டு நாற்பதுக்குப் புறப்பட்டது. ஐந்தாவது ஸ்டேஷனில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் நின்றார்.

“நாலாவது ஸ்டேஷன்லயும் இந்த மனுசன்தானே நின்னாரு?” என்றார் உலகநாதன்.

“மூணாவதுலயும் நின்னாரு,” என்றார் மாடக்கண்ணு. “ஏறவே இல்ல. ஆனா நமக்கு முன்னால வந்து நிக்காரு.”

“பஸ்ல வாராரு போல,” என்றார் பிச்சைக்கனி.

“அப்பம் பஸ்தான் வேகம். நாம ஏன் ரயில்ல போறோம்?” என்றார் உலகநாதன்.

இதற்குப் பதில் குறிப்பில் இருக்கிறதா என்று ஞானசிகாமணி இருபத்தாறு பக்கமும் புரட்டினார். இல்லை. பேச்சு அதோடு நின்றது.

மூன்று நாற்பதுக்கு, எட்டாவது ஸ்டேஷன் தாண்டி, ஒரு பெரிய பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. முன்னால் சிவப்பு விளக்கு.

“சிவப்பு விளக்கில் நிற்கவும். அனுமதி கேட்காமல் தாண்டக் கூடாது,” என்று ஞானசிகாமணி வாசித்தார்.

“கேட்டுட்டா போச்சு,” என்று உலகநாதன் எழுந்து, திரைக்கு முன்னால் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, தாண்டலாமா?” என்று கேட்டார்.

விளக்கு சிவப்பாகவே இருந்தது.

“அது வெளிநாட்டு விளக்குவே. தமிழ்ல கேட்டா அதுக்கு என்ன தெரியும்?” என்று ஞானசிகாமணி எழுந்து, “சார், மே ஐ கோ?” என்றார். அதற்கும் விளக்கு மாறவில்லை. பிச்சைக்கனி பச்சைக்கொடியைத் திரையில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினார். எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கு பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

“வெள்ளிக்கிழமை. அனுமதி குடுக்கிறவரு கோயிலுக்குப் போயிருப்பாரு,” என்று கொம்பையா கையைக் கட்டிக்கொண்டார்.

நாலு ஐந்து ஆனது. நாலரையும் ஆனது. மாடக்கண்ணுக்கு வேர்த்து ஊற்றியது. குளிர்காலத்தில் இப்படி வேர்ப்பது நல்ல அறிகுறி இல்லை என்றார் உலகநாதன்.

ஐந்து மணிக்குத் தெருப்பக்க ஜன்னலில் முத்துக்கனியின் முகம் தெரிந்தது. இடுப்பில் மொட்டைத் தலையோடு தேன்மொழி. பின்னால் அவள் வீட்டுக்காரர் தளவாய், அவருக்குப் பின்னால் காது குத்தும் ஆசாரி.

“அண்ணே, ஊரே பந்தியில உக்காந்திருக்கு. நீ இங்க என்ன செய்யுத? வெளிய வா.”

“வர முடியாதும்மா. நடுவழியில நிக்கோம். கதவு திறக்கக் கூடாது.”

“அப்பம் ஜன்னல் வழியா குதி. அதுலதான் கம்பியே இல்லையே.”

மாடக்கண்ணுக்கு அது சரி என்று பட்டது. ஒரு காலைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். கொம்பையா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, பாலத்து மேல நிக்கோம். கீழ எம்பத்தேழு மீட்டர். குறிப்புல போட்டிருக்கு.”

மாடக்கண்ணு திரையைப் பார்த்தார். கீழே பாதாளம், அதன் அடியில் நூல் மாதிரி ஓர் ஆறு. காலை மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் உலகநாதனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“கீழ எம்பத்தேழு மீட்டர்னா, முத்துக்கனி எது மேல நிக்கா?”

ஐந்து பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“பாலத்துக் கைப்பிடிச் சுவரு மேலதான் நிக்கணும்,” என்றார் ஞானசிகாமணி தணிந்த குரலில். “கைப்பிள்ளையை வேற வச்சிக்கிட்டு.”

“முத்துக்கனி, நான் சொல்லுதத கேளு,” என்றார் மாடக்கண்ணு. “ஆடாத, அசையாத. கீழ மட்டும் பாக்காத.”

“நான் தெருவுல நிக்கேன் அண்ணே.”

“அப்படித்தாம்மா தோணும்.”

தளவாய் சிரித்தார். “மச்சான், உமக்குப் பொண்ணு குடுத்த வீட்டைச் சொல்லணும்.” ஆனால் ஆசாரி சிரிக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாக எட்டித் திரையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“இத முதல்லயே சொல்லியிருந்தா செருப்பையாவது கழத்திட்டு வந்திருப்பேனே,” என்றார். “வழுக்கும்லா.”

முத்துக்கனி மணியைப் பார்த்தாள். ஐந்து இருபது. இவர்களிடம் பேசினால் விடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். “உனக்கு இறங்கத்தானே கூடாது? நாங்க ஏறலாமா, அதச் சொல்லு.”

ஞானசிகாமணி மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். “இறங்கக் கூடாதுன்னுதான் இருக்கு. ஏறுறதப் பத்திப் பேச்சே இல்ல. ஜன்னலப் பத்தியும் இல்ல.”

முதலில் குழந்தையை வாங்கினார்கள். அடுத்து முத்துக்கனி. ஜன்னல் தெருவிலிருந்து இரண்டரை அடிதான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறிவிட்டாள். அவள் துணிச்சலைப் பார்த்து உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தளவாய் ஏறினார். ஆசாரி மட்டும் ஜன்னல் சட்டத்தை விடமாட்டேன் என்றார். நான்கு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்து, அவரை அரிசி மூட்டை போல உள்ளே இழுத்துப் போட்டார்கள். அதில் பதினாறு நிமிடம் போயிற்று. ஊசியும் கம்மலும் மடியில் பத்திரமாக இருந்தன.

பிச்சைக்கனி நான்கு பேருக்கும் டிக்கெட் கிழித்தார். தேன்மொழிக்கு ஒரு குரங்குக் குல்லா போட்டார்கள். காது மூடிவிட்டது என்று முத்துக்கனி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

ஐந்து நாற்பத்தாறுக்கு, கம்ப்யூட்டர் மேசையை ஒட்டிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்த மாடக்கண்ணுவின் மடியில், தேன்மொழியின் வலது காதில் ஆசாரி குத்திக் கம்மலைப் போட்டார். குழந்தை வீறிட்டு அழுது, கையை ஓங்கி, கீபோர்டில் ஓர் அறை விட்டது.

விளக்கு பச்சையானது.

“கேக்கிற விதத்துல கேட்டிருக்கு பாத்தீங்களா,” என்றார் உலகநாதன். கொம்பையா வண்டியை எடுத்தார். பாலத்தைக் கடந்ததும் ஆசாரிக்கு உயிர் வந்தது. ஊசியைத் துடைத்து, “இடது காதத் திருப்புங்க,” என்றார்.

திருப்பினார்கள். திரை கறுப்பானது. வண்டி குகைக்குள் நுழைந்திருந்தது.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். “இருட்டுல குத்த மாட்டேன். எங்க அப்பா காலத்துலருந்து வழக்கம் இல்ல.”

“பல்பு எரியுதே ஆசாரியாரே,” என்றாள் முத்துக்கனி.

“பல்பு எரியட்டும்மா. நாம இருக்கிறது குகைக்குள்ள.”

“குகை எவ்வளவு நீளம்?” என்று மாடக்கண்ணு கேட்டார்.

“ஒம்பது கிலோமீட்டர்,” என்றார் ஞானசிகாமணி.

“கொஞ்சம் அழுத்தி ஓட்டும் கொம்பையா.”

“முப்பதுன்னு போர்டு வச்சிருக்கான் அண்ணாச்சி. முப்பதுன்னா முப்பதுதான்.”

“வந்த வழியே பின்னாலயாவது எடும்வே,” என்றார் தளவாய். அவரும் உள்ளே வந்து அரைமணி ஆகியிருந்தது.

“பின்னால எடுக்க அனுமதி வாங்கணும்,” என்றார் ஞானசிகாமணி. எல்லோரும் தேன்மொழியைப் பார்த்தார்கள். அவள் மாமன் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

மாடக்கண்ணு மனதில் கணக்குப் போட்டார். ஒன்பது கிலோமீட்டர், மணிக்கு முப்பது, பதினெட்டு நிமிடம். நுழைந்தது ஐந்து ஐம்பத்தொன்று. வெளியே வரும்போது ஆறு ஒன்பது. நல்ல நேரம் ஒன்பது நிமிடத்துக்கு முன்னால், குகைக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போயிருக்கும்.

அப்படியே ஆயிற்று. ஆறு பன்னிரண்டுக்கு ஒன்பதாவது ஸ்டேஷன் வந்தது. கொம்பையா இரண்டு தாழ்ப்பாளையும் நீக்கினார். எல்லோரும் முறைப்படி கதவு வழியாக, வயதில் மூத்தவர் முதலில் என்று வரிசையாக இறங்கினார்கள். மாடக்கண்ணு வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஏறியவர் ஒன்பது, இறங்கியவர் ஒன்பது. ஒன்பது பேருக்குக் காது பதினெட்டு. அதில் ஓட்டை விழுந்தது பதினேழு.

மிச்சம் ஒன்று.