மிச்சத் தண்ணீர்

"கையைத் தூக்கறதா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க சாமி. போயிடறேன்."

கேட்டவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தாறு. ஆற்றோரத்துச் சாயப்பட்டறையில் இருபது வருடம் டையிங் மாஸ்டராக இருந்தவர்.

கேட்கப்பட்டவர் மரகதம். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பனியன் கம்பெனி வேலையை ஒருநாள் மத்தியானம் விட்டுவிட்டு, காவி கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் குடிசை போட்டு உட்கார்ந்தவர். ஊரார் சாமியம்மா என்பார்கள். ஏன் வேலையை விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் வேலையை விட்டவர்களைவிட, வேலை கைவிட்டவர்கள்தான் அதிகம்.

"எதுக்குக் கையைத் தூக்கணும்?" என்றார் சாமியம்மா.

நாச்சிமுத்து சொன்னார். சாயக்கழிவு ஆற்றில் கலக்கிறதென்று ஆறு வருடத்துக்கு முன்னால் கோர்ட் உத்தரவு வந்து பட்டறைகளை மூடினார்கள். இப்போது ஒரு முதலாளி திரும்பத் திறக்கப் பார்க்கிறார். நாளைக்குக் கிராம சபையில் ஊரின் சம்மதம் கேட்பார்கள். மாஸ்டர் கை எழுந்தால் பழைய ஆட்கள் நாற்பது பேரின் கையும் எழும்.

"தூக்குங்களேன்."

"தூக்கலாமுங்க. ஆனா ஆத்துல மீன் வந்திருக்குதுங்களே."

அந்த ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சிவப்பாக ஓடினால் வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் வரப்போகிறது என்று தெரிந்துகொண்ட ஊர் எங்களுடையது. இப்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. நாச்சிமுத்துவின் மனைவிக்குக் கைப்புண் ஆறிவிட்டது.

"அப்பத் தூக்காதீங்க."

"மகன் பெங்களூர்ல மூட்டை சுமக்கறானுங்க. எங்க வீதியில பதினோரு வீடு பூட்டிக் கெடக்குது. நல்ல தண்ணி ஓடுது, குடிக்க ஆளில்லீங்க."

மனைவி தூக்காதே என்கிறாளாம். மருமகள், தூக்குங்கள் மாமா, அவர் ஊருக்கே வந்துவிடுவார் என்கிறாளாம். இருவரும் ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள்.

மனுஷன் பாவம், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். பட்டறை ஓடியபோது ஊர் நாசமாகிறது என்று திட்டியவர், மூடியபோது ஊர் நாசமாயிற்று என்று அழுதார். இரண்டுமே உண்மையாக இருந்ததுதான் அவரைப் படுத்தியது. எது சரியென்றே தெரியவில்லை, பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது என்றார்.

சாமியம்மா எழுந்தார். கொடியில் கிடந்த காவித் துணியை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார்.

"வெளுத்துப்போச்சு மாஸ்டர். சாயம் தோய்ச்சுக் குடுங்க."

நாச்சிமுத்துவின் விரல்கள் தாமாகவே துணியைத் தேய்த்துப் பார்த்தன. வெயிலுக்கு நேரே பிடித்தார். இந்த ஆறு வருடத்தில் மாஸ்டர் என்று சொல்லி யாரும் அவருக்கு ஒரு வேலை கொடுத்ததில்லை. எவ்வளவு உப்பு, எத்தனை அலசு, எந்தச் சூட்டில் நிறம் பிடிக்கும் என்று மளமளவென்று பேசினார்.

பிறகு பேச்சை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். குடிசைக்கு முன்னால் கிணறு. பின்னால் ஆறு.

"தோய்க்கறது பெரிசில்லீங்க. மிச்சத் தண்ணிய எங்கீங்க ஊத்தறது?"

சாமியம்மா உள்ளே போனார். குடிதண்ணீர்க் குடத்தைக் காலி செய்து எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல ஊத்துங்க."

"சாமி, இது நீங்க குடிக்கிற குடமுங்க."

"துணி யாருது?"

"உங்களுது."

"அப்ப மிச்சமும் என்னுதுதான்."

நாச்சிமுத்து குடத்தைக் கையில் எடுத்தார்.

"நாளைக்குச் சபைக்கு முதலாளியும் வர்றாருங்க" என்றார் மெதுவாக. "அவரு மிச்சத்துக்கு இந்தக் குடத்தைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டுங்களா?"