பத்தாவது துணிப்பை

ஜெசிந்தா மேடத்துக்கு என்னைவிட ஏழு வயது குறைவு. எம்.பி.ஏ.வில் சேர ஆள் தயார் பண்ணும் பயிற்சி மையம் ஒன்றை ஓசூரில் நடத்துகிறார். கேட்டதற்கு நேரே பதில் சொல்லித் தொலைக்க மாட்டார்.

அன்றைக்கு உள்ளே நுழையும்போதே எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

"ஒன்பது காலேஜ் அட்மிஷன் கூட்டத்துக்குப் போயாச்சு மேடம். எல்லா ஹோட்டல் ஹால்லயும் அதே கட்டடப் படம், அதே ஆறிப்போன சமோசா, அதே துணிப்பை. வீட்ல வைக்க இடமில்ல."

"அங்க என்ன கேட்டீங்க?"

"ஒரே கேள்விதான். வயசு முப்பத்தாறு, டிகிரில மூணு அரியர், எனக்கு சீட் கிடைக்குமா? ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லணுமே! 'அப்ளை பண்ணுங்க, பார்க்கலாம்.' ஒன்பது பேரும் அதே பாட்டு."

"அப்ளிகேஷன் எழுதிட்டீங்களா?"

"கிடைக்குமான்னு தெரியாம எதுக்கு மேடம் எழுதணும்?"

நான் ஆசைப்பட்ட காலேஜுக்கு அப்ளை பண்ண மறுநாள் மாலை ஐந்து மணியோடு கடைசி. இந்த வருஷம் சேர்ந்தால் லீவு தருகிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷம் அந்தப் பேச்சே கிடையாது. நான் வேலை கற்றுக்கொடுத்த இரண்டு பேர் எனக்கே மேனேஜர் ஆகிவிட்டார்கள். மூன்றாவது ஆளையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"கிளம்புங்க. அந்தக் காலேஜ் கூட்டம் இன்னைக்கு பெங்களூர்ல இருக்கு," என்றார் மேடம்.

"பத்தாவதா? கடவுளே!"

வாசலில் பெயர் அட்டையும் துணிப்பையும் கொடுத்தார்கள். என்னை ஒரு தூண் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு மேடம் காபி குடிக்கப் போய்விட்டார்.

ஒரு பெண் வந்து, எத்தனை வருஷ வேலை அனுபவம் வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். அந்தக் காலேஜ் கூட்டத்துக்கே மூன்று முறை போயிருக்கிறேன், எனக்கா தெரியாது? அப்புறம் ஒருவன் ஹாஸ்டல் பற்றிக் கேட்டான், இன்னொருவன் இன்டர்வியூ பற்றி. அரை மணி நேரத்தில் என் முன்னால் ஏழெட்டுப் பேர். காலேஜ்காரர்கள் அவர்கள் மேஜையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நீங்க இங்க எந்த வருஷம் படிச்சீங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. நேரே மேடத்திடம் போனேன்.

"வேணும்னேதானே என்னை அங்க நிக்க வெச்சீங்க?"

"எல்லாரும் என்ன கேட்டாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! நடுவுல ஒரு ஆள், வயசு முப்பத்தொன்பதாம், அரியர் அஞ்சாம். சீட் கிடைக்குமா, கிடைக்குமான்னு பிராணனை வாங்கிட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'அப்ளை பண்ணுங்க, பார்க்கலாம்'னேன்."

மேடம் காபியை ஒரு வாய் குடித்தார். "பாவம். நேரா ஒரு பதில் சொல்லியிருக்கலாமே."

"அப்ளிகேஷன்ல என்ன எழுதியிருக்கார்னே பார்க்காம நான் எப்படி மேடம் சொல்றது?" கத்தியேவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் கப்பை வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தணிகாசலம் சார், உங்களோடதைக் குடுங்க. பார்த்துச் சொல்றேன்."

என் கையில் அந்தத் துணிப்பைதான் இருந்தது.